சோற்றுத் தட்டும் கொண்டை ஊசி வளைவுகளும்

நான் ஓடுகிறவள் அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மாரத்தான் நடக்கிற இடத்தில் போய் நின்றாலே யாராவது ஒருவர் வந்து, "நீங்க ஓடலையா மேடம்?" என்று கேட்டுவிடுகிறார். நான் பார்க்கிறவள். பார்ப்பது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் விடியுமுன் எழுந்து, காரை ஓட்டிக்கொண்டு, அடைத்த சாலைகளையெல்லாம் சுற்றிப் போய், ஒரே மாதிரி பனியன் போட்ட கூட்டத்துக்குள் தன் வீட்டுக்காரரைத் தேடிப் பார்க்கட்டும்.

எங்கள் வீடு பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரத்தில், கேரளா செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் தள்ளி. சாலையோரத்தில் என் வீட்டுக்காரருடைய பெயிண்ட் கடை. கடைக்குப் பின்னால் தென்னந்தோப்பு, தோப்பு முடிகிற இடத்தில் வீடு. தோப்பைத் தாண்டிக் கேட்கிற மாதிரி கத்த எனக்குத் தொண்டை கிடையாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் சோறு ஆறிக்கொண்டிருந்த ஆத்திரத்தில், எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் நாலு தட்டுத் தட்டினேன். வந்துவிட்டார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டு மணி. கையில் போன் வந்த பிறகும் அது மாறவில்லை. போனை எடுக்காமல் இருப்பார். தட்டுச் சத்தத்துக்கு வராமல் இருந்ததே இல்லை. கடையில் ஆள் நின்றால்கூட, "ஊட்டுல கூப்புடறாங்க, ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். பக்கத்துக் கடைக்காரர் இதை வைத்து அவரைப் பண்ணாத கேலி இல்லை. அவர்கள் பக்கம் தட்டை வட்டல் என்பார்கள். எனக்கே வட்டல்காரம்மா என்று பேர் வைத்துவிட்டார் அந்த மனுஷன்.

நான் கேரளத்து மலைமேல் இருக்கிற பீர்மேட்டுக்காரி. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவள். அங்கே லயம் என்று சொல்வோம். தம்பி இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறான், தேயிலை ஃபேக்டரியில் வேலை. மலையை விட்டுக் கீழே வாழ்க்கைப்பட்டு வந்ததில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டவை இரண்டு. ஒன்று வெயிலைத் திட்டுவது, இன்னொன்று கார் ஓட்டுவது. அவரிடம் லைசென்ஸ் இருக்கிறது, அதோடு சரி. பக்கத்தில் உட்கார்ந்து, "லாரி வருது புள்ள, லாரி" என்று சொல்வதுதான் அவர் பங்கு. லாரி என் கண்ணுக்குத் தெரியாது பாருங்கள்.

மகள் ஹாஸ்டலுக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது கிளம்புவது அப்போதுதான் பழக்கமானது. அப்படி ஒரு ஞாயிறு காலை கோயம்புத்தூரில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். மாரத்தானாம். இறங்கி நின்று பார்த்தோம். தொந்தியும் தொப்பையுமாக, நரைத்த மீசையோடு ஒருவர் வியர்த்து வழிய ஓடிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அவரையே வெகுநேரம் பார்த்தார்.

"அவரே ஓடறாரு. நான் ஓடுனா என்ன?"

"மொத கடைக்கும் வீட்டுக்கும் ஓடுங்க, பாப்போம்" என்றேன்.

கிண்டலுக்குத்தான் சொன்னேன். மறுநாள் இருட்டோடு எழுந்து வாய்க்கால் மேட்டுக்கு ஓடப் போய்விட்டார். நாய்கள் துரத்தின, முழங்கால் வீங்கியது, மழை பெய்தது, விடவில்லை. பாதி தூர ஓட்டங்களை முடித்து மெடல் வாங்கினார். ஆனால் முழு மாரத்தான், அந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மட்டும் அவருக்கு மசியவில்லை. ஒரு தடவை கோயம்புத்தூரில் ஒரு பாலத்தடியில் நின்றுவிட்டார். அடுத்த தடவை கொச்சியில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில். இரண்டு தடவையும் ஒரே வசனம்தான். "போதும் புள்ள, கால் புடிச்சுக்கிச்சு. வண்டிய எடு."

கொச்சியிலிருந்து திரும்பும்போது லாரி வருவதைக்கூட அவர் சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "இன்னும் ஒருக்கா பாக்கறேன். அதுலயும் முடியலீன்னா இந்த ஷூவத் தூக்கிப் போட்டுடறேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள். எனக்குக் கலக்கமாக இருந்தது. ஓட ஆரம்பித்த பிறகுதான் அவர் நிமிர்ந்து நடந்தார், சிரித்துப் பேசினார். ஷூவைத் தூக்கிப் போட்டால் அதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று தோன்றியது.

அந்த வாரத்தில் ஒருநாள் ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கவில்லை. என்னிடம் நீட்டி, "இது ஆகறதில்ல, நீயே பாரு" என்றார். எனக்கு அடுப்பில் வேலை, காதில் வாங்காமல் போய்விட்டேன். திரும்பி வந்தால் மூடி திறந்து கிடக்கிறது. மனுஷன் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். யோசித்துப் பார்த்தேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றால் பாதியில் இறங்கி, ஆளைக் கூப்பிடு என்பார். நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தால் தானே சரி பண்ணி வைத்திருப்பார். சோம்பேறி இல்லை. நான் எட்டுகிற தூரத்தில் இருந்தால் மிச்சத்தை என்னிடம் விட்டுவிடுவார்.

பாலத்தடியில் காரோடு நின்றது யார்? நான். பெட்ரோல் பங்கில் நின்றது யார்? நான்தான். வாழைப்பழமும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் வைத்துக்கொண்டு, முப்பது கிலோமீட்டர் தாண்டி எங்கே அவர் தளர்வாரோ சரியாக அங்கே போய், காரின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கதவு திறந்திருந்தால் எவனுக்குத்தான் கால் வலிக்காது.

கடைசித் தடவைக்கு அவர் தேர்ந்தெடுத்தது பீர்மேட்டு மலைப்பாதை ஓட்டம். "உன்ற ஊருதான, தோத்தாலும் மாமியார் ஊடு" என்றார். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். இந்தத் தடவை பார்ப்பேன். ஆனால் அவர் கண்ணில் படமாட்டேன். "முடியுற எடத்துல இருக்கேன், நேரா அங்க வந்துருங்க" என்று மட்டும் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது. வாடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொள்ளாச்சி, உடுமலை, பழனி, தேனி என்று ஓட்டி, கம்பத்தில் டீ குடித்து, மலையேறிக் குமுளி கடைவீதியில் ஏலக்காய் வாசம் அடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. ராத்திரி தம்பி வீட்டில் கஞ்சியும் பயறும். காலையில் அவர் கிளம்பிப் போனதும் வெளியே வந்து பார்த்தால் எதிர் லயமே தெரியவில்லை.

"கோட எறங்கிருச்சுக்கா. ஒண்ணுந் தெரியாது. போயி என்னத்தப் பாக்கப் போறே?" என்றான் தம்பி. மூடுபனியை அங்கே கோட என்பார்கள்.

"தெரியுறது தெரியட்டும்டா" என்றேன். கார் சாவியை அவனிடம் கொடுத்து, நான் சொல்லாமல் எடுக்கக் கூடாது என்றேன். போனையும் அங்கேயே வைத்தேன். கூப்பிட்டால் எடுத்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அட்டைக்கடிக்கு உப்பு முடிந்துகொண்டேன். தேயிலைக்குள் காட்டுப்பன்றி படுத்துக் கிடக்கும். சத்தம் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அதற்காகத் தம்பி வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டேன்.

முப்பது கிலோமீட்டர் தாண்டி ஓட்டம் வருகிற அந்தத் தோட்டத்தில் சாலை வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. கொழுந்து கிள்ளுகிறவர்கள் போகிற குறுக்குப் பாதை ஒன்று வளைவுகளை வெட்டிக்கொண்டு நேராக ஏறும். சாலையில் வருகிறவர்கள் ஒரு வளைவைச் சுற்றுவதற்குள் நான் அடுத்த வளைவுக்குப் போய்விடலாம். கீழ் வளைவுக்கு மேலே, செடிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். சாலை தெரியவில்லை. காலடிச் சத்தம் மட்டும் வந்தது. ஒவ்வொருவராக வந்து, மூச்சு வாங்கி, கடந்து போனார்கள். அப்புறம் வெகுநேரம் யாருமில்லை. காலில் அட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன.

பிறகு அவர் வந்தார். இடது காலை லேசாகத் தேய்ப்பார், அந்தச் சத்தத்தை எங்கேயும் அடையாளம் சொல்வேன். எனக்கு நேர் கீழே வந்து நின்றது. ஓரச் சுவரில் உட்கார்ந்துவிட்டார் போல, ஒரு முனகல்.

"புள்ள" என்று கூப்பிட்டார். "இங்கதான எங்கியோ நிக்கற? முடியல புள்ள. வண்டியக் கொண்டா."

நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. ஆனால் எந்த ஓட்டத்திலும் அந்த நேரத்தில் நான் இல்லாமல் இருந்ததில்லை. அந்த நம்பிக்கையில் பனிக்குள் கூப்பிடுகிறார். இத்தனை வருஷத்தில் அவர் கூப்பிட்டு நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. சண்டை போட்ட நாளில்கூட "என்ன" என்றாவது கேட்டிருப்பேன். வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை.

கீழேயிருந்து ஒரு வேன் மெதுவாக உறுமிக்கொண்டு வந்தது. பின்தங்கியவர்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன். கதவு தள்ளித் திறக்கிற சத்தம் கேட்டது. "சேட்டா, கேறுன்னுண்டோ?" என்று டிரைவர் கேட்டார், ஏறுகிறீர்களா என்று. இவர் சுவரிலிருந்து எழுந்திருக்கிற சத்தம்.

நான் குறுக்குப் பாதையில் பாய்ந்து ஏறினேன். சேலை கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியில் மாட்டிக் கிழிந்தது. மேல் வளைவுக்குப் போய்ச் சேர்ந்ததும் தட்டை எடுத்து நாலு தட்டுத் தட்டினேன்.

கீழே பேச்சு நின்றது. மறுபடி தட்டினேன். அப்போது பனிக்குள்ளிருந்து அவர் குரல் தெளிவாக வந்தது.

"இல்லீங்க, நீங்க போங்க. ஊட்டுல கூப்புடறாங்க."

டிரைவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. வேன் கதவு சாத்திக்கொண்டது. இடது காலைத் தேய்த்துக்கொண்டு அவர் நடக்க ஆரம்பித்தார், அப்புறம் ஓட ஆரம்பித்தார்.

அவர் பக்கத்தில் வருகிற சத்தம் கேட்டதும் நான் அடுத்த வளைவுக்கு ஏறிவிட்டேன். அங்கே நின்று தட்டினேன். "எங்கிருக்கற?" என்று ஒருமுறை கேட்டார், அப்புறம் கேட்கவில்லை. ஒவ்வொரு வளைவாக அவர் சாலையைச் சுற்றி வந்தார், நான் தேயிலையைப் பிளந்துகொண்டு போனேன். வழுக்கி விழுந்ததில் தட்டு கல்லில் பட்டு நெளிந்தது. சத்தம் கொஞ்சம் மாறினாலும் அடி மாறவில்லை. ஓடுகிறவள் அல்ல என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு நானும் ஓடத்தான் செய்தேன்.

மேலே குறுக்குப் பாதை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் சமமான சாலை, சுற்றிக்கொண்டு போகும். அங்கே ஒரு புதருக்குப் பின்னால் நின்று கடைசியாக ஒரு தடவை பலமாகத் தட்டினேன். இரண்டு கை தூரத்தில் ஒரு நிழலாக அவர் என்னைக் கடந்து போனார். தலையைத் திருப்பவில்லை. பின்னாலேயே வேன் போனது. இனி அவர் பாடு.

எனக்கு வண்டியும் இல்லை, காலில் தெம்பும் இல்லை. அவர் போன வழியிலேயே நடந்தேன். அவர் முடித்தாரா, நடுவில் உட்கார்ந்தாரா, வேனில் ஏறிவிட்டாரா, ஒன்றும் தெரியாமல் நடந்தேன். இத்தனை மாரத்தான் பார்த்தவள், பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்கவில்லை.

பனி விலகத் தொடங்கியிருந்தது. முடிகிற இடத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாலையோரத்தில், வேடிக்கை பார்க்கிறவர்கள் நிற்கிற கயிற்றுக்குப் பின்னால் ஒருவர் நின்று, நான் வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மெடல் தொங்கியது.

என் கிழிந்த சேலையையும், ரத்தம் வழிகிற காலையும், கையிலிருந்த நெளிந்த தட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வட்டலத் தட்டிக் கூப்புட்டயே," என்றார், "சோறு எங்க?"

நான் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் குனிந்து என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, உப்புமா கொடுத்துக்கொண்டிருந்த வரிசையில் நொண்டியபடியே போய் நின்றார்.