பேக்கரியில் கேட்ட தமிழ்

யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்த நவரத்தினம், 1996இல் ஒக்லன்ட் நகரின் கிளென் ஈடன் பகுதியில் ஒரு பேக்கரியில் மா குழைத்துக்கொண்டிருந்தார். முதலாளி சாரின், போருக்குத் தப்பி வந்த கம்போடியர். அகதி வழக்கு முடியும்வரை நவரத்தினம் வேலை செய்வதற்கு ஓர் அனுமதி இருந்தது. அதைப் புதுப்பிக்க முதலாளியின் கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். சாரினோ மூன்று வாரமாக 'நாளைக்கு' என்று இழுத்தடித்தார்.

அதற்குள் இன்னொரு பயமும் பிடித்துக்கொண்டது. சாரின் தன் மனைவியோடு கெமர் மொழியில் பேசும்போது நடுநடுவே தமிழ் காதில் விழுந்தது. முக். துக். மனுஸ்.

"அவருக்குத் தமிழ் விளங்குது, ஐசே. கடைப் போனிலை நான் கேஸைப் பற்றிக் கதைச்சதெல்லாம் கேட்டிருக்கிறார்" என்றார், வாடகை அறையில் கூடத் தங்கியிருந்த யேசுராசாவிடம்.

"கம்போடியாக்காரனுக்குத் தமிழோ? மாவுக்கை நிண்டு நிண்டு உமக்கு மூளையும் புளிச்சுப்போச்சு!"

நவரத்தினம் சிரிக்கவில்லை. ஊரில், முகத்தை மூடிக்கொண்டு ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டிகளைப் பார்த்தவர் அவர்.

வியாழக்கிழமை, பொறுக்கமுடியாமல் ஆங்கிலத்தில் கேட்டேவிட்டார்: "என் மொழி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சாரின் கையைத் துடைத்தார். "அதை நானல்லவா கேட்கவேண்டும்? போனில் நீ முகம் என்கிறாய், துக்கம் என்கிறாய், மனுஷன் என்கிறாய், எல்லாம் எங்கள் கெமர். எங்கள் ஊரில் ஒட்டுக்கேட்டுத்தான் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்களை ஒட்டுக்கேட்க உன்னை அனுப்பியது யார்?"

கடிதம் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் நவரத்தினத்துக்குப் புரிந்தது.

சாரினின் மனைவி சுவர்க் கலண்டரைக் காட்டினாள். அங்கோர் கோயில். அங்கோர் என்றால் நகரம். அவர்கள் பேச்சில் நொகோர். ஏறக்குறைய எண்ணூற்றைம்பது வருடங்களுக்கு முன் சூரியவர்மன் என்ற அரசன் விஷ்ணுவுக்குக் கட்டியது என்றாள்.

"வர்மனா? எங்கள் பள்ளிப் புத்தகத்தில் மகேந்திரவர்மன் இருந்தார்!" என்றார் நவரத்தினம்.

வணிகரோடும் பூசாரிகளோடும் கப்பலேறிய வடமொழி, கெமர் அரசர்களின் அரண்மனையிலும் குடியேறி, அடுப்படிவரை வந்திருந்தது. தமிழுக்குள்ளும் அதே சொற்கள்.

சாரின் இன்னும் நம்பவில்லை. "ஆசிரியருக்கு என்ன சொல்? முதலில் நீ சொல்."

"குரு."

"க்ரூ!" என்று அவர் மனைவி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

சாரின் சிரிக்காமலே கடிதத்தை எழுதினார். நவரத்தினம் நன்றி சொல்லிவிட்டு, அதை அங்கேயே நின்று இரண்டு தரம் வாசித்தார்.