லைப்ரரி கிடைக்கவில்லை

அக்காவின் மடிக்கணினி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செத்துப்போனது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் உள்ளே கருகிவிட்டது, எதையும் மீட்க முடியாது என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள்.

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். பாடக்குறிப்பு, கேள்வித்தாள், கல்வி அலுவலகத்துச் சுற்றறிக்கை எல்லாவற்றையும் கணினிதான் அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டும். அது இல்லாவிட்டால் பக்கத்து மேசை டீச்சரிடம், "இத கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?" என்று கேட்கவேண்டும். அப்படிக் கேட்பதை அவள் வெறுத்தாள்.

வேறொரு கணினி வாங்கி அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். நான் ஒரு தனியார் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவன். எனக்கு இது ஒரு காலை நேர வேலை என்றுதான் நினைத்தேன். பேசும் நிரலை வெளிநாட்டுக்காரர்கள் சிலர் எழுதிப் பொதுவில் வைத்திருந்தார்கள். அதன் மூலநிரலை இறக்கி, நம் கணினியிலேயே கம்பைல் செய்து, அதாவது ஓடுகிற வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். இப்படிப்பட்ட நிரல் எதுவும் தனியாக ஓடாது. வேறு யார் யாரோ எழுதிய சின்னச் சின்ன நிரல்களின் தயவு அதற்கு வேண்டும். அவற்றைத்தான் லைப்ரரி என்கிறோம். ஒன்று குறைந்தாலும் கம்பைல் பாதியில் நின்றுவிடும்.

முதலில் ஒலிக்கான லைப்ரரி இல்லை என்றது. நிறுவினேன். மறுபடியும் இல்லை என்றது. புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். லைப்ரரி ஓடுவதற்கு ஒரு கோப்புப் பொதி, அதை வைத்து இன்னொன்றைக் கம்பைல் செய்வதற்கு வேறொரு பொதி. பெயரின் கடைசியில் 'டெவ்' என்று முடியும் அந்த இரண்டாவதையும் போட்டதும் பிழை போனது. அடுத்து யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் லைப்ரரி. அது இருந்தது, ஆனால் கணினி தேடாத இடத்தில் இருந்தது. இடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். இப்படி ஐந்தாறு பிழைகள். ஒவ்வொன்றும் விலக விலக எனக்கு உற்சாகம்தான். கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது.

அது எங்களுடைய லைப்ரரி.

எங்களுடையது என்றால், நானும் அக்காவும் என் கல்லூரி நண்பனும் கணினிக்குத் தமிழ் உச்சரிப்பைக் கற்றுக்கொடுக்க மூன்று வருடம் உட்கார்ந்து செய்தது. தமிழில் ஒரே 'க'வை மூன்று விதமாகச் சொல்கிறோம். இயந்திரத்துக்கு அது தெரியாது. 'செஞ்சி' என்பதையே அது 'செஞ்ச்சி' என்று வாசித்தது. விதிகளை நிரலாக எழுதியவன் நண்பன். விதிக்கு அடங்காத சொற்களைப் பட்டியல் போட்டவன் நான். இயந்திரம் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, "அப்டி இல்லடா, இன்னும் மெதுவா வரணும் அந்த எழுத்து" என்று திருத்தியவள் அக்கா. அனந்தபுரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வருவான் அவன். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவன் கணக்கில்தான் இணையத்தில் ஏற்றினோம். யார் கணக்கில் இருந்தால் என்ன என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்த முகவரிக்குப் போனேன். அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று நான்கு முறை அடித்துப் பார்த்தேன். பிரதி எடுத்து வைக்காதது என் முட்டாள்தனம். இருந்த ஒரே பிரதி அக்காவின் கணினியோடு போய்விட்டது.

அவன் அப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. போன் செய்தேன். "பாக்கறேன்டா" என்றான். மறுநாளும் அதையே சொன்னான். மூன்றாம் நாள் எடுக்கவில்லை. அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு வருவான், அந்த ஊர் அம்மன்தான் அவர்கள் குலதெய்வம் என்பது எனக்குத் தெரியும். அன்று ஸ்பெஷல் பஸ்களுக்கு இடையில் புகுந்து வண்டியை ஓட்டிக்கொண்டு அனந்தபுரம் போனேன்.

வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை நிறுத்தினான்.

"சாப்டியா?"

"லைப்ரரி எங்கடா?"

"எடுத்துட்டேன். கம்பெனில கேட்டாங்க."

"இன்னா கேட்டாங்க?"

"அது முழுக்க என்னோடதான்னு எழுதிக் குடுத்திருக்கேன். இனிமே அது அவங்களோடது. வெளிய இருக்கக் கூடாது."

"அக்காவுக்கு மட்டும் ஒரு காப்பி குடு. அவ ஸ்கூலுக்குப் போய் சும்மா உக்காந்துட்டு வரா."

அவன் ஈரத் துணியைப் பிழிந்தான். "புரிஞ்சுக்கடா. என் வேலை போயிடும்."

அவன் அம்மா உள்ளேயிருந்து, "தம்பி, வா, காபி சாப்டு" என்று கூப்பிட்டார்கள். பரவாயில்லம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவனும் இரு என்று சொல்லவில்லை.

அக்காவிடம், சர்வரில் ஏதோ கோளாறு என்று பொய் சொன்னேன். தெரிந்த மின்னஞ்சல் குழுக்கள் எல்லாவற்றிலும், யாரிடமாவது பழைய பிரதி இருக்கிறதா என்று கேட்டு எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பார்வையற்றோர் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதினார். போன வருடம் தன் மாணவர்களுக்காக இறக்கியதாம். யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்று நாங்கள் அன்றைக்குப் போட்ட உரிமத்தோடுதான் அது இருந்தது. நிரலில் செய்த மாற்றங்களின் வரலாற்றுப் பதிவு உட்பட மொத்தமாக அனுப்பிவைத்தார். முன்பின் தெரியாத மனிதர்.

அன்று மாலையே கம்பைல் ஆனது. பிழையே இல்லை. அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். விசைகளைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். முதலில் எதை வாசிக்க வைப்பாள் என்று பார்த்தேன். எழுதியவர்கள் பெயர் இருக்கும் கோப்பைத் திறந்தாள். அதில் அவள் பெயர் இருப்பது அவளுக்குப் பெருமை.

கணினி அவன் பெயரை வாசித்தது. அதோடு நின்றது.

"மிச்சத்தப் படிக்கலியேடா?" என்றாள். மறுபடி விசையைத் தட்டினாள். மறுபடியும் அவன் பெயர் மட்டும்.

நான் வரலாற்றுப் பதிவைத் திறந்தேன். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் இரண்டு பெயர்களையும் நீக்கிய மாற்றத்துக்கு 'சிறு திருத்தங்கள்' என்று குறிப்பு எழுதியிருந்தான். நிறுவனத்தில் சேர்வதற்கு ஒரு வருடம் முன்பு. தேதியை இன்னொரு முறை பார்த்தேன். அக்காவுக்கு வேலை உத்தரவு வந்த நாள் அது. மதியம் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பிறகு, "சின்ன வேலை இருக்குதுடா" என்று ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் வெற்றிலைத் தட்டை வைத்தது நான்தான். அவன் செய்கிற மாற்றங்களைத் திறந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கம்பெனி கேட்டதால்தான் இப்படிச் செய்தான் என்றுகூட நான் பாதி நம்பியிருந்தேன்.

அக்காவிடம் இனி மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கு எனக்கு ஊட்டி வேற விட்டான், முதல் வாய் ஸ்வீட்டு" என்றாள்.

அடுத்த ஞாயிறு அந்தப் பிரதியை என் கணக்கில் ஏற்றினேன். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. பெயர்க் கோப்பில் அக்காவை முதலில் போட்டேன், பிறகு என்னை. அவன் பெயரை அழிக்க விரல் போனது. அழித்தால் நானும் பொய் எழுதுவேன். விதிகள் முழுக்க அவன் எழுதியவை. விட்டுவிட்டேன்.

அக்கா கோப்பைத் திறந்து கேட்டாள். மூன்று பெயர்களும் வந்தன.

"அவன் பேரையும் ஏண்டா வெச்ச?"

"எழுதினது அவன்தானக்கா."

கணினியைப் பட்டென்று மூடிவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் கோபத்தில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கோப்பை நான் மாற்றவும் இல்லை.