உம்மாவின் பூவரசு வேலி

நான் அங்கே படம் கீறப் போகவில்லை. பழி வாங்கத்தான் போனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

கற்பிட்டிப் பக்கம் கடலோரத் தென்னந்தோட்டம் ஒன்றில் கலைஞர்கள் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், தங்கலாம், நிலம், செடிகொடி, மூதாதையர் உறவு என்று ஏதாவது செய்து காட்டவேண்டும் என்ற அறிவித்தலை போனில் பார்த்தேன். கூடவே ஒரு படம். கிணற்றடியில் சரிந்து நிற்கும் புளியமரம். எனக்கு ஏழு வயதாகும்வரை அதன் கீழேதான் விளையாடினேன். அது நிற்கிற மண் என் உம்மாவின் மண்.

உம்மாவின் கலியாணத்தின்போது அவருடைய வாப்பா காணியைப் பிரித்து, மகளின் பங்கைச் சுற்றிப் பூவரசங் கிளைகளைக் கதியாலாக நட்டு வேலி போட்டுக் கொடுத்தார். எல்லாம் வாய்ப்பேச்சு, உறுதிப் பத்திரம் எழுதவில்லை. அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் உம்மாவின் நானா, அதாவது என் மாமா, முழுக் காணியும் தன்னுடையது என்று சொல்லி வேலியை வெட்டிச் சாய்த்தார். என் வாப்பா சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. புத்தளத்தில் வாடகை வீட்டுக்குப் போனோம். உம்மா காணியைத் திருப்பிக் கேட்டதே கிடையாது. அவர் கேட்டது ஒன்றுதான்.

"அது எண்ட பங்கு எண்டு நாலு பேருக்கு முன்னால அவர்ர வாயால ஒருக்கா வரட்டும். எனக்கு அது போதும்."

இப்போது மாமா ஹாஜியார். தோட்டத்தை, கலைஞர்களைக் கூட்டிவரும் கொழும்பு ஆட்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். வருகிற கலைஞர்களுக்கெல்லாம் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுத் தொட்டுக் குடும்பக் கதை சொல்லுவார். அந்தக் கதையில் தங்கச்சி என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. விண்ணப்பித்து வந்த நானும் அவருக்கு எதிரே இருந்து தலையாட்டிக் கேட்டேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

வேலியை வெட்டினாரே தவிர, அடிக்கட்டைகளை அவர் கிண்டவில்லை. அவசரக்காரருக்கு அவ்வளவு பொறுமை ஏது? பூவரசு லேசில் சாகிற மரமா? ஒவ்வொரு மழைக்கும் துளிர்க்கும், ஆடு கடிக்கும், மிச்சத்தை மாமா கத்தியால் சீவுவார். நான் வெறுங்காலால் மணலைத் தடவித் தடவிக் கட்டைகளைத் தேடிப் பிடித்தேன். ஆடு வராமல் முள்ளு வைத்தேன். காலையும் பின்னேரமும் வாளி வாளியாய்த் தண்ணீர் சுமந்தேன். தோள்மூட்டு விட்டுப்போனது. மற்றக் கலைஞர்கள் கடலைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"மகள், செத்த கட்டைக்கு என்னத்துக்குத் தண்ணி ஊத்துறீங்க?" என்று மாமா சிரித்தார். இதுதான் என் வேலை, ஹாஜியார் என்றேன்.

நாலாம் கிழமை அந்தச் சிரிப்பு நின்றது. முற்றத்தின் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு பச்சைக் கோடு, நடுவே முன்பு வாசல் படலை இருந்த இடத்தில் மட்டும் இடைவெளி. மாமா கத்தியோடு வந்தார். பொறுப்பாயிருந்த கொழும்புப் பெண் ஓடிவந்து, கண்காட்சி முடியும்வரை கலைப்படைப்பில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சிங்களத்தில் கறாராகச் சொன்னாள். தன் கத்தியைத் தூக்க முடியாமல் அவர் நின்ற நிற்பைப் பார்த்து என் வயிறு குளிர்ந்தது. அன்றுதான் அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். எனக்கு உம்மாவின் மூக்கு. கத்தியோடு திரும்பிப் போனார்.

ஆறாம் கிழமை முடிவில் கண்காட்சி. அதைத் திறந்துவைக்கப் போகிறவர் மாமா. ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்ததால் வராமல் இருக்கவும் முடியாது. நான் விடியவே உம்மாவை த்ரீவீலில் கூட்டிவந்து, வேலிக்கு உட்பக்கம் ஒரு கதிரை போட்டு இருத்தினேன்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம். தன் வளவு, தன் வீட்டு நிலம் என்றால் ஸலாம் சொல்லிக்கொண்டே நடந்து போகலாம். அடுத்தவர் வளவு என்றால், கூடப்பிறந்தவளின் வளவானாலும், படலையில் நின்று ஸலாம் சொல்லி, உள்ளே வரச் சொல்லும்வரை நிற்கவேண்டும்.

வெள்ளைத் தொப்பியோடு மாமா முன்னால் வந்தார். பின்னால் பள்ளிவாசல் பெரியவர்கள், மீன்பிடிக்கிறவர்கள், கொழும்பு ஆட்கள். அந்த இடைவெளிக்கு வந்ததும் உம்மாவைக் கண்டார். வெட்கமோ பழக்கமோ, கால் அப்படியே நின்றது. ஸலாம் சொன்னார். வந்த எல்லோரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

உம்மா பதில் ஸலாம் சொன்னார். பிறகு சத்தம் உயராமல் கேட்டார்.

"ஏன் நானா நிக்கிறீங்க?"

மாமாவின் வாயிலிருந்து யோசிக்காமலே வந்துவிட்டது.

"நீ இன்னம் வரச் சொல்லல்லியே, தங்கச்சி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் தலை குனிந்துகொண்டார். உம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உம்மா வரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.