நோஞ்சான் மாமா

மகளின் செல்போன் விளையாட்டில் சீட்டுகள் கலையும் சரசரப்பு கேட்டால் போதும், எனக்குக் காப்பிப்பூ வாசம் வந்துவிடும். "வலுவில்லாத சீட்டையெல்லாம் தூக்கிட்டாத்தாம்மா கட்டு பலமாகும்" என்பாள். தொண்ணூறுகளில், ஏற்காட்டிலேயே அது எனக்குத் தெரியும்.

அப்போது பபுள்கம் வாங்கினால் மல்யுத்த வீரர் சீட்டு ஒன்று இலவசம். உயரம், எடை என்று எதையாவது சொல்லி மோத வேண்டும். பெரிய எண் வைத்திருப்பவருக்கு எதிராளியின் சீட்டு. பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர் மகள் ரஹ்மத்தும் நானும் எங்கள் சீட்டுகளைச் சேர்த்து ஒரே கட்டாக்கினோம். கரடியூர்ப் பிள்ளைகள் எங்களைக் கண்டாலே சீட்டைச் சட்டைக்குள் ஒளிப்பார்கள். அந்தக் கட்டுக்குள் ஓர் ஒல்லி வீரர் மட்டும் எதைச் சொன்னாலும் தோற்பார். 'நோஞ்சான் மாமா' என்று சிரிப்போம். ஆனாலும் அடுத்த ஆட்டத்திலேயே அவரை மீட்டு வந்துவிடுவோம்.

ரஹ்மத் குடும்பம் சேலத்துக்கே போன அன்று, கட்டோடு பஸ்ஸடியில் நின்றோம். பிரித்தால் இரண்டு பாதியுமே தோற்கும்.

"நீயே வெச்சுக்க புள்ள" என்றேன், மனசேயில்லாமல்.

"ஏறு கண்ணு, பஸ் கெளம்புது" என்றார் அவளுடைய அத்தா.

வாங்கியவள், அவசரமாகத் தேடி ஒரு சீட்டை உருவிக்கொண்டு மீதியை என் கையில் திணித்துவிட்டு ஏறினாள்.

அதன்பின் அந்தக் கட்டு தோற்கவேயில்லை. எனக்குத்தான் ஜெயிப்பதில் ருசி போய்விட்டது.

அன்று, நகரும் பஸ்ஸின் ஜன்னலில் ரஹ்மத் நோஞ்சான் மாமாவை ஆட்டிக் காட்டிக் கத்தினாள்:

"இவரு இல்லாட்டி உன்ற கட்டு நொம்ப பலமாயிரும் புள்ள! மாமாவ நான் பாத்துக்கறேன்!"