பொறுமைக்கு வைத்த பரீட்சை

கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். போன மாதம் ஓர் அம்மா வந்து, தட்டிலிருந்த சாரிகளை எல்லாம் இறக்கச் சொன்னார். சாப்பிடக்கூடப் போகாமல் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினேன். கடைசியில், "ஒன்னும் புடிக்கல" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அம்பிட்டியவிலுள்ள எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் அதே அம்மா! மாப்பிள்ளையின் தாயாம்.

"கடையிலயே பாத்துட்டோம். பொண்ணுக்கு நல்ல பொறுமை" என்று சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. 'வேண்டாம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தாய் செய்ததற்கு மகன் என்ன செய்வான் என்று அடக்கிக்கொண்டு, மாப்பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் வெளிய வேன்லதான் இருந்தேன். சும்மா ஒரு டெஸ்ட்தானே?"

"எனக்கு வேணாம்" என்று எழுந்துவிட்டேன்.

"அவசரப்படாத மக, நாலு இடத்துல விசாரிச்சிட்டுச் சொல்லுவோம்" என்றார் அப்பா.

இன்னும் என்ன விசாரிப்பது? கடைவரை வந்து என்னைச் சோதித்தவர்களுக்கு என்னிடம் நேராக ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நான் கேட்டேன். கேட்காமல் எழுந்திருந்தால், பாவம், அவன் நல்லவனாக இருந்திருப்பானோ என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருப்பேன்.