செவ்வாய், வெள்ளி மட்டும்

எங்கள் ஊருக்கு இப்போது தபால் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறது. செவ்வாய், வெள்ளி. ஊரில் இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. வருவதெல்லாம் பேங்க் நோட்டீசும் எப்போதாவது ஒரு கல்யாணப் பத்திரிகையும்தான். அது ஒரு நாள் முந்தி வந்தால் என்ன, பிந்தி வந்தால் என்ன என்று கேட்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது சரிதான். நானும் பதில் சொல்வதில்லை. எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் என் தங்கையும் மட்டும் இருக்கிற வீடு எங்களுடையது. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. தங்கைக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் காது போனது, அதோடு பேச்சும் வரவில்லை. அப்பா அவளைக் காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் சேர்த்தார். அங்கே அவளுக்குக் கைப்பேச்சும் எழுத்தும் வந்தன. அவற்றோடு ஒரு சிநேகிதியும் கிடைத்தாள். கடத்தூரில் மெத்தை தைக்கும் ஒரு பாய் வீட்டுப் பெண் அவள். பிறவியிலேயே காதும் கேட்காது, இதயமும் பழுது. அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் கடையில் மெத்தை உறைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கும் தங்கைக்கும் இடையே இருக்கிற சைகை கொஞ்சம்தான். மாடு, தண்ணீர், சாப்பிடு, மழை வருது, சந்தைக்குப் போறேன். அதற்கு மேல் என் கை போகாது. அவள் வேகமாக ஏதாவது சொன்னால் நான் தலையாட்டிவிடுவேன். எனக்குப் புரியவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் முழுதாகப் பேசியது அந்தச் சிநேகிதியோடு மட்டும்தான். பள்ளியை விட்டு வந்த பிறகு, அந்தப் பேச்சு போஸ்ட்கார்டில் நடந்தது.

போனில் பேசலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர் பாப்பாரப்பட்டிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. சிக்னல் வேண்டுமென்றால் பாறை மேல் ஏற வேண்டும். ஒரு தடவை தங்கையைக் கூட்டிக்கொண்டு ஏறி, வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன். சிநேகிதியின் கை பாதி தூக்கினபடி அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து எங்கோ வேறு இடத்தில் வந்து நின்றது. தங்கை சிரித்துச் சிரித்து, கடைசியில் அலுத்துப்போய்ப் போனை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

கார்டுகளை நானும் படிப்பேன். மறைக்க ஒன்றுமில்லை அதில். "இன்று மழை. பஞ்சு நனைந்தது. அண்ணன் கோபம். நான் சிரிப்பு." இப்படி இருக்கும். "உன் மாடு கன்று ஆணா பெண்ணா. பெண் என்றால் என் பெயர்." இருவரும் அநேகமாகத் தினமும் எழுதினார்கள். பதிலுக்குக் காத்திருந்து எழுதுவதில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி கார்டுகள் வழியில் ஒன்றையொன்று கடந்து போகும்.

தபால்காரர் பக்கத்து ஊர்க்காரர். மொபெட்டில் வருவார். ஆரன் அடித்துத் தங்கைக்குப் பயனில்லை என்பதால், கார்டு இருந்தால் புளியமரத் திருப்பத்திலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு வருவார். பகல் வெயிலில் விளக்கு எரியும். அவள் களையெடுத்துக்கொண்டிருந்தாலும் நிமிர்ந்துவிடுவாள்.

போன வருசம் ஓர் அதிகாரி வந்தார். எங்கள் பக்கத்துக்குத் தபால் குறைந்துவிட்டது, வார நாளைக் குறைக்கலாமா என்று பார்க்க வேண்டும், அடுத்த இரண்டு வாரம் வருகிற தபாலை எண்ணப்போகிறோம் என்றார். பால் சொசைட்டி வாசலில்தான் பேச்சு. சாயந்திரம் பால் ஊற்ற வந்தவர்கள் எல்லாரும் கேனோடு நின்றார்கள்.

"எனக்கு வர்றது பூரா பேங்க்காரன் காயிதம். அத வருசத்துக்கு ஒரு நாளு ஆக்கிடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

சொசைட்டி செக்ரட்டரி அம்மா சிரிக்கவில்லை. "வெளையாடாதீங்க. அந்தப் புள்ளைக்கு தெனமும் கார்டு வருதில்ல. நமக்கு வாயி இருக்குது, பேசிக்கறோம். அது யாருகிட்ட பேசும்?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பால் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி போன பிறகு அங்கேயே ஒரு யோசனை பிறந்தது. எண்ணப்போகிறார்கள் என்றால், எண்ணிக்கையைக் கூட்டிவிட வேண்டியதுதானே. வீட்டுக்கு வீடு கார்டு வாங்கி நமக்கு நாமே எழுதிப் போட்டுவிடுவோம். ஊர்ப் பெட்டியில் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் சந்தைக்குப் போகும்போது பாப்பாரப்பட்டியில் போடுவது என்று முடிவாயிற்று.

அந்த இரண்டு வாரமும் ஊரே எழுதியது. பள்ளிக்கூடத்தோடு எழுத்தை விட்டவர்கள்கூட எழுதினார்கள். எதிர் வீட்டுக்காரர் தனக்குத்தானே, "நலம். மாடு சினை. இப்படிக்கு நானே" என்று எழுதிப் போட்டார். யாருக்கு எழுதுவது என்று தெரியாதவர்கள் எல்லாம் என் தங்கைக்கு எழுதினார்கள். அவற்றைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. "தங்கச்சி, உங்க ஆடு எங்க அவரையத் தின்னுது" என்று ஒரு கார்டு. அதை எழுதியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவள் கார்டை ஆட்டிக்கொண்டே போய் ஆட்டைப் பிடித்துக் கட்டினாள்.

ஒருவருக்கும் தோன்றாதது ஒன்று இருந்தது. சந்தை வாரத்தில் ஒரு நாள்தான். ஊர் மொத்தமும் ஒரே நாளில் ஒரே பெட்டியில் போட்டது. கார்டுகளும் ஒரே நாளில் வந்து இறங்கின. அன்றைக்குத் தபால்காரர் பை புடைத்துக்கொண்டு வருவார். மற்ற நாட்களில் வருவது ஒரு கார்டுதான். தங்கையுடையது.

அதிகாரி திரும்ப வந்தார். கெட்ட மனிதர் இல்லை. கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, பொறுமையாகச் சொன்னார். "தபால் நெறையவே வருதுங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா ஒரே நாள்ல வந்துடுதே. மத்த நாள்லாம் ஒரு கார்டு. அதுவும் ஒரே வூட்டுக்கு. அப்ப வாரத்துக்கு ரெண்டு நாளு போதும்தானே?"

செக்ரட்டரி அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "நாமளே கணக்கு போட்டுக் குடுத்துட்டோம்ணா" என்றார் என்னிடம். எதிர் வீட்டுக்காரர் மெதுவாக, "தெனம் ஒருத்தரு சந்தைக்குப் போயிருக்கணும்" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அப்படித்தான் செவ்வாய், வெள்ளி ஆனது. கார்டுகள் கட்டாக வர ஆரம்பித்தன. தங்கை அவற்றைத் தேதி பார்த்து அடுக்கி, பழையதிலிருந்து படிப்பாள். ஆரம்பத்தில் அது அவளுக்குப் பிடித்திருந்ததுபோலத்தான் இருந்தது. பிறகு, சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் அவள் நிலத்தில் நின்று திருப்பத்தைப் பார்ப்பதைக் கவனித்தேன். நாள் தெரியாமல் இல்லை. பழக்கம்.

தை மாதம் சிநேகிதிக்கு உடம்பு மோசமானது. "மூச்சு சின்னது. தர்மபுரி ஆஸ்பத்திரி. பயம் வேண்டாம்" என்று ஒரு கார்டு வந்தது. தங்கை உடனே கிளம்ப வேண்டும் என்றாள். அடுத்த கார்டில், "வராதே. மருந்து நல்லது. வீட்டுக்குப் போனதும் வா. வேர்க்கடலை" என்று எழுதியிருந்தாள். எங்கள் காட்டு வேர்க்கடலை அவளுக்குப் பிடிக்கும். தங்கை பறித்து வைத்திருந்த கடலையில் பெரிதாகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தாள்.

அது ஒரு திங்கட்கிழமை. மத்தியானத்துக்கு மேல் நான் தக்காளி போடப் பாப்பாரப்பட்டி போயிருந்தேன். சிக்னல் வந்ததும் போன் அடித்தது. சிநேகிதியின் அண்ணன். "அண்ணா, காலையில தங்கச்சி போயிடுச்சிங்க. விடிகாலையில இருந்து உங்களுக்கு அடிக்கறன், கெடைக்கவே இல்ல. சாயந்திரத்துக்குள்ள அடக்கம். உங்க தங்கச்சிகிட்ட எப்படியாச்சும் சொல்லிடுங்க" என்றார். அவ்வளவுதான் அவரால் பேச முடிந்தது. ஊருக்குப் போய்த் தங்கையைக் கூட்டிக்கொண்டு, தர்மபுரியில் பஸ் மாறிக் கடத்தூர் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் சைகையில் சாவுக்கு இருந்தது ஒன்றுதான். ஆடு, கோழி செத்தால் காட்டுவது. கையைக் கவிழ்ப்பது. அதைத்தான் காட்டினேன். கடத்தூர், மெத்தை, பிறகு அந்தக் கை. அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுதால் சத்தம் வேறு மாதிரி வரும். அவளுக்கு அது கேட்காது.

மறுநாள் முன்பகல் பஸ்ஸில் போவதென்று கிளம்பி நின்றோம். சாவு வீட்டுக்குப் போகிற பழைய சேலை கட்டியிருந்தாள். அப்போதுதான் தபால்காரர் வந்தார். செவ்வாய்க்கிழமை. வண்டியை நிறுத்துவதற்கு முன்பே எனக்குச் சொன்னார். "சரியாப் போச்சாம்ணா! வூட்டுக்கு அனுப்பறாங்களாம். வழியிலயே படிச்சுட்டன், தப்பா நெனக்காத."

நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று கார்டையும் அவள் கையில் கொடுத்துவிட்டார்.

தேதி பார்த்து அடுக்கினாள். கடைசிக் கார்டு சனிக்கிழமை எழுதியது. "டாக்டர் சிரிப்பு. செவ்வாய் வீடு. நான் நல்லா. கடலை மறக்காதே."

தங்கை அதை இரண்டு முறை படித்தாள். பிறகு என் முகத்துக்கு நேராகக் கார்டைக் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என் காதைத் தொட்டு, கையை ஆட்டினாள். உன் காதுக்குத் தப்பாக விழுந்திருக்கிறது என்றாள். போனில் கேட்பது அவளுக்கு எப்போதுமே நம்பிக்கையில்லாத சங்கதி. எழுதியிருப்பது மாறாது. அதுவும் சிநேகிதியின் கையெழுத்து. நான் எழுதிக் காட்டினாலும் அவளுக்கு அது போனில் கேட்டதுதான்.

நான் மறுபடியும் கையைக் கவிழ்த்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். கோபமில்லை, செல்லமாகத்தான். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். பொங்கலுக்கு எடுத்த பச்சைச் சேலை. பையில் பொறுக்கின கடலையும், ஒரு டப்பாவில் கேழ்வரகு மாவும் வைத்தாள்.

தபால்காரருக்கு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்துப் புரிந்தது. "அய்யோ, இன்னாண்ணா ஆச்சு?" என்றார். சொன்னேன். அவர் மொபெட்டின் சீட்டைப் பிடித்தபடி நின்றார். "முன்னமாதிரியா இருந்தா இந்தக் கார்டு நேத்து காலையிலயே வந்திருக்கும்" என்றார். அதை எனக்குச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார்.

நேற்றுக் காலை வந்திருந்தால் சிநேகிதி பிழைத்திருக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். தங்கை ஒரு பகல் சந்தோசமாக இருந்திருப்பாள். சாயந்திரம் நான் வந்து சொல்லியிருப்பேன். நடந்தது நடந்த வரிசையில் அவளுக்கு வந்திருக்கும். ஒரே ஆளை இரண்டு முறை இழக்க வேண்டி வந்திருக்காது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கச் சொன்னாள். வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குச் சைகை இருந்தது, மனம்தான் வரவில்லை. கடத்தூரில் இறங்கியதும் எனக்கு முன்னால் நடந்தாள்.

கடை பூட்டியிருந்தது. வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள். அதைப் பார்த்ததும் தங்கையின் நடை குறைந்தது. சிநேகிதியின் அம்மா வெளியே வந்தார். பச்சைச் சேலையையும், பையையும், தலையில் இருந்த பூவையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தங்கையைக் கட்டிக்கொண்டார். தங்கை அவர் தோளுக்கு மேலாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கவில்லை. பை அவள் கையிலிருந்து நழுவி, கடலை வாசற்படியில் சிந்தியது. உள்ளேயிருந்து வந்த பெண்கள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்கள்.

அதன் பிறகு தங்கைக்குக் கார்டு வரவில்லை. அவளும் எழுதவில்லை.

போன மாதம் செக்ரட்டரி அம்மா ஒரு மனு எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தபால் தினமும் வர வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முன்பு நடந்த தப்புக்கு அவர் இன்னும் வருந்திக்கொண்டிருந்தார். "மொதக் கையெழுத்துக்கு எடம் உட்டு வச்சிருக்கறன். அத இதுதான் போடணும்" என்று தங்கையைக் காட்டினார்.

தங்கை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். முடித்ததும் என்னைப் பார்த்து, யாருக்கு என்று கேட்டாள். நான் ஊரைச் சுற்றிக் கையைக் காட்டினேன். அவள் காகிதத்தை மடித்து, பேனாவோடு அந்தம்மா மடியில் வைத்தாள். ஆறுவதற்குள் டீயைக் குடிக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.