பக்கத்து அறையின் ஈயம்

படூர்க் கல்லூரியில் என் வேலை சோலார் செல்லுக்கான படலம் செய்வது. கண்ணாடித் துண்டின்மேல் தலைமுடியைவிட மெல்லிய கறுப்புப் பூச்சு. வெயில் பட்டால் மின்சாரம் வரும். பக்கத்து அறைக்காரர் அதை ஈயத்தில் செய்கிறார். ஈயம் நஞ்சு என்பதால் நான் வெள்ளீயத்தில் செய்கிறேன். மொட்டை மாடியில், கடலின் உப்புக்காற்றிலும், அவருடையது மாதக்கணக்கில் கறுப்பாகவே இருந்தது. என்னுடையது காற்றுப் பட்டதுமே வெளுக்கத் தொடங்கிவிடும். அவர் என்னைவிட எட்டு வயது சின்னவர். பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

போன கோடையில், எம்.எஸ்சி. படிக்கும் என் மகள் புராஜெக்ட்டுக்கு அவரிடமே சேர்ந்தாள். லேப் உதவியாளர் சும்மா விடவில்லை.

“இன்னா மேடம், உங்க பொண்ணே உங்க தகரத்த நம்பலியா?”

“அவ இஷ்டம்பா.”

“காலைலேர்ந்து அந்த ரூம்லயேதான் கீது. நாஸ்தாகூட அங்கதான்.”

அங்கே சாப்பிடக்கூடாது. அவள் மெல்லிய கையுறையோடு கண்ணாடி வெட்டுவதையும் கதவு வழியாகப் பார்த்தேன். சொல்லவில்லை. சொன்னால் பொறாமையில் பேசுகிறேன் என்பார்கள். பொறாமைதானே.

ஒரு புதன்கிழமை, பூச்சுப் போட்ட கண்ணாடி அவள் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. குழாயடியில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் ஓடினேன். ஓடும்போதே, இனி இவள் என் அறைக்கு வந்துவிடுவாள் என்று தோன்றியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கக் கொடுத்தோம். முடிவு வரும்வரை நான்தான் ஊட்டிவிட்டேன்.

“ஏம்மா அழற? எனக்கே ஒண்ணுமில்ல” என்றாள்.

உண்மையிலேயே ஒன்றுமில்லை என்று வந்தது. மறுநாளே அவள் அவருடைய அறைக்குப் போனாள். நானும் பின்னால் போய், தடித்த கையுறை வேண்டும், உள்ளே சாப்பாடு கூடாது என்றேன். அவர் எழுந்து நின்றார்.

“தப்புதான். முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்?”

மகள் என்னைப் பார்த்தாள். “நீ பாத்துட்டுதான் இருந்தியா?”

“ஆமா” என்றேன்.

அன்று வீட்டுக்குப் போகும் திருப்போரூர் பஸ்ஸில் முன் ஸீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். வீட்டில் இப்போது கேட்டதற்கு மட்டும்தான் பதில். அவரிடம் பேசிச் சிரிப்பது மட்டும் என் அறைவரை கேட்கிறது.